லினக்ஸ் கற்கப் புத்தகம் தேடுகிறீர்களா? வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

லினக்ஸ் படிக்கத் தொடங்கியபோது நான் வாங்கிய முதல் புத்தகம் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. தடிமனாக இருந்தால் எல்லாம் உள்ளே இருக்கும் என்று நம்பினேன். நிறுவும் அத்தியாயத்தில் அச்சிட்டிருந்த திரைகளில் ஒன்றுகூட என் திரையோடு ஒத்துப்போகவில்லை. நெட்வொர்க் அத்தியாயத்தின் முதல் கட்டளையைத் தட்டினேன். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தது. நான்தான் எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து, இயங்குதளத்தை முழுக்க அழித்து மறுபடி நிறுவினேன். ஒரு முறை இல்லை, இரண்டு முறை.

மூன்று மாதம் இப்படியே போனது. கூட வேலை பார்த்த ஒருவர் அந்தப் புத்தகத்தை வாங்கி, முன்பக்கத்தைப் புரட்டி, ஆண்டைக் காட்டினார். என் கணினியில் இருந்த லினக்ஸைவிடப் புத்தகம் ஒன்பது ஆண்டு மூத்தது. என் மேலும் தப்பில்லை, கணினி மேலும் தப்பில்லை. இரண்டும் வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவை, அவ்வளவுதான்.

அந்த மூன்று மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஒரு குறிப்பு: கட்டளைகளின் பெயர்களை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்.

1. எதற்காகப் படிக்கிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள்

‘லினக்ஸ் கற்க வேண்டும்’ என்பது போதாது. அந்த ஒரு பெயருக்குள் நான்கைந்து தனித்தனிப் படிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் புத்தகம் வேறு.

வீட்டுக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வைத்து, இணையம் பார்க்கவும் ஆவணம் எழுதவும் போகிறவருக்கு உண்மையில் புத்தகமே தேவைப்படாது. அவருடைய வழங்கலின் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளை வழங்கல் என்பார்கள்) இணையதளத்தில் இருக்கும் தொடக்கக் கையேடு போதும். கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து நம்பிக்கையோடு வேலை செய்ய நினைப்பவருக்குக் கட்டளை வரிப் புத்தகம் வேண்டும். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவருக்கு நிர்வாகப் புத்தகம். லினக்ஸுக்காக சி மொழியில் நிரல் எழுதப் போகிறவருக்கு முற்றிலும் வேறு வகை. சான்றிதழ்த் தேர்வு எழுதுகிறவருக்கு இன்னொன்று.

உங்கள் வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: “ஆறு மாதத்துக்குள், ஒரு சர்வரில் ஒரு வலைத்தளத்தை நானே நிறுவி இயக்க வேண்டும்.” இதில் வேலையும் இருக்கிறது, கெடுவும் இருக்கிறது. எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் இந்த வரியை அதன் பொருளடக்கத்தோடு வைத்துப் பாருங்கள். பாதி அத்தியாயங்களாவது உங்கள் வேலைக்கு வராவிட்டால், அந்தப் புத்தகம் எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம்.

2. உங்கள் கணினியின் விவரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

புத்தகம் தேடும் முன் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டியவை மூன்று: வழங்கலின் பெயரும் பதிப்பு எண்ணும், நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் ஷெல்லின் பதிப்பு, பின்னணிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி கணினியில் இருக்கிறதா என்பது.

ஈடிசி அடைவில் (டைரக்டரியில்) ஓஎஸ்-ரிலீஸ் என்றொரு கோப்பு இருக்கும். அதை கேட் கட்டளையால் திறந்தால் முதல் விவரம் கிடைத்துவிடும். பேஷ், சிஸ்டம்சிடிஎல் ஆகிய இரண்டையும் இரட்டைக் கோடு வெர்ஷன் என்று சேர்த்துத் தட்டினால் மற்ற இரண்டும் கிடைக்கும். ஐந்து நிமிட வேலை.

இது ஏன் முக்கியம்? டெபியன், உபுண்டு குடும்பத்தில் மென்பொருளை நிறுவ ஏபிடி. ரெட் ஹேட், ஃபெடோரா, ராக்கி, அல்மா குடும்பத்தில் டிஎன்எஃப். ஒரு குடும்பத்துக்கு எழுதிய நிர்வாகப் புத்தகத்தை மற்றக் குடும்பத்தில் வைத்துப் படித்தால் கட்டளையும் மாறும், கோப்புகள் இருக்கும் இடமும் மாறும், சேவைகளின் பெயரும் மாறும். தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவைக்கே டெபியனில் ஒரு பெயர், ரெட் ஹேட்டில் கடைசியில் ஒரு ‘டி’ சேர்ந்த பெயர். தேர்ந்தவருக்கு இது சின்ன விஷயம். புதியவருக்கு ஒரு மாலைப் பொழுதே போய்விடும்.

விண்டோஸுக்குள் டபிள்யுஎஸ்எல் வழியாக லினக்ஸ் ஓட்டுகிறீர்களா? ஷெல் கற்க அது நன்றாகவே போதும். ஆனால் கணினி எழும் முறை, வட்டைப் பிரிப்பது போன்ற அத்தியாயங்களை அதில் செய்து பார்க்க முடியாது. அதற்கு விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒன்றில் மெய்நிகர் கணினி, அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி, வைத்துக்கொள்ளுங்கள். மேக் வைத்திருப்பவர்கள், ‘அதுவும் யூனிக்ஸ்தானே’ என்று அதன் டெர்மினலிலேயே லினக்ஸ் புத்தகத்தைத் தொடங்கிவிடுவார்கள். 2019 முதல் மேக்கின் இயல்பு ஷெல் பேஷ் இல்லை, இஸட்எஸ்எச். உரையை மாற்றும் செட் போன்ற பல கருவிகளும் வேறு வகையைச் சேர்ந்தவை. புத்தகம் சொன்னபடியே தட்டினாலும் விடை வேறாக வரும். அவர்களுக்கும் மெய்நிகர் கணினிதான் நல்லது.

3. பதிப்புரிமைப் பக்கத்தைப் படியுங்கள்: எது பழசாகும், எது ஆகாது

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

அட்டையைப் பார்த்து ஆண்டை முடிவு செய்ய வேண்டாம். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் பக்கத்தில் இரண்டு விவரம் தேடுங்கள்: பதிப்பு ஆண்டு, மறு அச்சு ஆண்டு. பதிப்பு என்றால் ஆசிரியர் உள்ளடக்கத்தைத் திருத்தியிருக்கிறார். மறு அச்சு என்றால் அதே பழைய உரை மீண்டும் அச்சாகியிருக்கிறது. கடையில் புது வாசனையோடு இருக்கும் புத்தகம் உள்ளே பத்தாண்டு பழையதாக இருக்கலாம். என் முதல் புத்தகத்தில் நான் ஏமாந்தது இங்கேதான்.

ஆனால் ‘பழைய புத்தகம் வாங்காதே’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் தவறு. லினக்ஸில் சில பகுதிகள் வேகமாக மாறுகின்றன. சில பகுதிகள் பல பத்தாண்டுகளாக அசையவே இல்லை.

அசையாதவை: கோப்பு, அடைவு பற்றிய அடிப்படைகள், எல்எஸ், சிடி, சிபி, எம்வி போன்ற கட்டளைகள், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் குழாய் வழியாக அனுப்புவது, உரைக்குள் தேடும் கிரெப், தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளால் எழுதும் ரெகுலர் எக்ஸ்பிரஷன், சிஎச்மாட் கொண்டு அனுமதி மாற்றுவது, விஐ எடிட்டர், கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட். இவற்றைச் சொல்லும் பதினைந்து ஆண்டுப் புத்தகம் நூலகத்தில் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். என்னை மூன்று மாதம் அலைக்கழித்த அந்தப் புத்தகத்தில்கூட ரெகுலர் எக்ஸ்பிரஷன் அத்தியாயம் அருமையானது. இன்றும் அதைத்தான் புரட்டுகிறேன்.

மாறியவை இவை. ஒவ்வொன்றையும் புத்தகத்தில் தேடிப் பாருங்கள்.

சேவைகளை இயக்கும் முறை: சிஸ்டம்டியை ஃபெடோரா 2011இல் ஏற்றது. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7 வழியாக 2014இலும், டெபியன் 8, உபுண்டு 15.04 வழியாக 2015இலும் அது பரவியது. புத்தகம் பழைய முறையின் ரன்லெவல், ஐஎன்ஐடிடேப் கோப்பு என்று பேசிவிட்டு, சிஸ்டம்சிடிஎல் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்றால், நிர்வாக அத்தியாயங்களை உங்களால் பயன்படுத்த முடியாது.

நெட்வொர்க்: ஐஎஃப்கான்ஃபிக், நெட்ஸ்டாட் ஆகியவற்றின் இடத்தை ஐபி, எஸ்எஸ் என்ற கட்டளைகள் பிடித்துவிட்டன. பழைய இரண்டும் இருக்கும் நெட்-டூல்ஸ் தொகுப்பு இப்போது பல வழங்கல்களில் தானாக நிறுவப்படுவதில்லை. எனக்கு ‘கட்டளை இல்லை’ என்று வந்தது இதனால்தான். நெட்வொர்க் அட்டையின் பெயரும் ஈத்0 என்பதிலிருந்து ஈஎன்பி3எஸ்0 போன்ற நீண்ட பெயராகிவிட்டது.

வட்டின் பெயர்: பழைய புத்தகங்கள் முதல் வட்டை எஸ்டிஏ என்றே எழுதும். இன்றைய கணினியில் என்விஎம்ஈ வட்டு இருந்தால் அதன் பெயர் என்விஎம்ஈ0என்1 என்று தொடங்கும். அப்போது எஸ்டிஏ என்பது நீங்கள் செருகியிருக்கும் பென் டிரைவாக இருக்கலாம். வட்டை அழிக்கும் கட்டளையைப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே தட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். எல்எஸ்பிஎல்கே கட்டளையால் பெயரைச் சரிபார்க்காமல் வட்டைத் தொடவே வேண்டாம்.

சென்ட்ஓஎஸ்: ரெட் ஹேட் குடும்பத்து வழங்கல். பல நல்ல நிர்வாகப் புத்தகங்கள் இதை வைத்தே எழுதப்பட்டவை. சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8க்கான ஆதரவு 2021 டிசம்பர் 31 அன்றும், 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்றும் முடிந்தன. புத்தகம் கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். சென்ட்ஓஎஸ் 8க்கு எழுதியதை ராக்கி அல்லது அல்மா லினக்ஸில் செய்து பார்க்கலாம், பெரும்பாலானவை பொருந்தும். ஆனால் புதிதாகப் பணம் கொடுத்து வாங்க வேண்டாம்.

பைத்தான்: ஸ்கிரிப்ட் அத்தியாயத்தில் பிரின்ட் என்ற சொல்லுக்குப் பிறகு அடைப்புக்குறி இல்லையென்றால் அது பைத்தான் 2. அதன் ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றே முடிந்துவிட்டது.

சுருக்கமான அளவுகோல் வேண்டுமென்றால், நான் கடைப்பிடிப்பது இது: ஷெல், எடிட்டர், ஸ்கிரிப்ட் பற்றிய புத்தகத்துக்கு ஆண்டு பார்ப்பதில்லை. சர்வர் நிர்வாகப் புத்தகம் 2016க்கு முந்தையது என்றால் எடுப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட வழங்கலின் பெயரைத் தலைப்பிலேயே வைத்திருக்கும் புத்தகம் என்றால், அது எந்தப் பதிப்பை வைத்து எழுதப்பட்டதோ அதற்கு இன்னும் ஆதரவு இருக்க வேண்டும். உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும்; ஒவ்வொன்றுக்கும் வழக்கமான ஆதரவு ஐந்து ஆண்டு. பதிப்பு எண்ணிலேயே ஆண்டு இருப்பதால் கணக்குப் போடுவது எளிது.

4. ஒரு பாடத்தைச் செய்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்

பல பதிப்பகங்கள் ஓர் அத்தியாயத்தை மாதிரியாக இலவசமாகத் தருகின்றன. அதை இறக்கி, கணினி முன் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டளையையும் தட்டிப் பாருங்கள். சாய்நாற்காலியில் படித்தால் எல்லாப் புத்தகமும் நல்ல புத்தகமாகத்தான் தெரியும்.

கவனிக்க வேண்டியது, தவறு நேரும் இடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பது. நல்ல ஆசிரியர் ஒரு கட்டளையைச் சொன்னதும், திரையில் என்ன வர வேண்டும் என்று காட்டுவார். வராவிட்டால் எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுவார். ‘இதைத் தட்டுங்கள், வேலை முடிந்தது’ என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகும் புத்தகத்தில், முதல் பிழைச் செய்தி வந்ததும் நீங்கள் தனியாக நிற்பீர்கள்.

பின்சுட்டையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சிஸ்டம்டி, எஸ்எஸ்எச், பெர்மிஷன், சூடோ ஆகிய நான்கு சொற்களையும் தேடுங்கள். நிர்வாகப் புத்தகத்தில் இவற்றில் ஒன்றுக்குப் பக்க எண்ணே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். பின்சுட்டே இல்லாத நிர்வாகப் புத்தகத்தை நான் வாங்குவதில்லை. ஆறு மாதம் கழித்து எதையும் அதில் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது புதிதாக ஒரு பொறி வந்திருக்கிறது. தலைப்பில் நடப்பு ஆண்டைப் போட்டு, ‘ஒரே நாளில் லினக்ஸ்’ என்ற தொனியில், ஆசிரியரைப் பற்றி எந்த விவரமும் இல்லாமல் வரும் தானே வெளியிட்ட மின்னூல்கள். பொதுவான சொற்களால் பக்கத்தை நிரப்பியிருப்பார்கள்; கட்டளைகள் குறைவு, திரை வெளியீடு அதைவிடக் குறைவு. மாதிரிப் பக்கங்களில் பத்துக் கட்டளைகளைத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பிழைதிருத்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்றும் தேடுங்கள். திருத்தப் பட்டியல் வெளியிடும் பதிப்பகம், வாசகர்கள் சொல்வதைக் காதில் வாங்குகிறது என்று பொருள்.

5. இலவசமாகக் கிடைப்பதில் தொடங்குங்கள்

லினக்ஸைப் பொறுத்தவரை, முதல் ஆறு மாதத்துக்கு நீங்கள் பணமே செலவிடத் தேவையில்லை. இதைத் திருட்டுப் பிரதிகளை மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆசிரியர்களே மனமுவந்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

வில்லியம் ஷாட்ஸ் எழுதிய ‘தி லினக்ஸ் கமாண்ட் லைன்’ என்ற புத்தகத்தைத்தான் புதியவர்கள் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். சுமார் 500 பக்கம். அச்சுப் புத்தகமாக விலைக்கும் கிடைக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பிடிஎஃப் கோப்பாக ஆசிரியரின் தளத்திலேயே இலவசமாகவும் கிடைக்கிறது. ஷெல்லில் தொடங்கி, சூழல் அமைப்பு, அன்றாடக் கருவிகள், கடைசியில் ஸ்கிரிப்ட் எழுதுவது என்று நான்கு பகுதி. எந்த ஒரு வழங்கலோடும் தன்னைக் கட்டிப்போட்டுக்கொள்ளாத புத்தகம் என்பதால் சீக்கிரம் பழசாகாது.

டெபியன் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு ரஃபேல் எர்ட்ஸோக், ரோலாண் மாஸ் இருவரும் எழுதிய டெபியன் நிர்வாகிக் கையேடு இருக்கிறது. இணையத்தில் முழுவதும் இலவசம். டெபியனிலேயே ஒரு பேக்கேஜாகவும் நிறுவிக்கொள்ளலாம், இணைப்பு இல்லாத நேரத்திலும் படிக்கலாம். எந்த டெபியன் பதிப்புக்கு எழுதியது என்று தொடக்கத்திலேயே இருக்கும்; 2ஆம் படியில் குறித்த தாளோடு ஒப்பிடுங்கள்.

தமிழிலேயே தொடங்க விரும்புபவர்களுக்கு, து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் ஜிஎன்யூ/லினக்ஸ்’ மின்னூல் கணியம் வெளியீடாகக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கவே தயங்குகிறவர்கள் அடிப்படைக் கட்டளைகளை இதில் பழகிவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். மூன்றாம் படியில் சொன்ன சோதனை இதற்கும் பொருந்தும்: ஷெல் பகுதியை நம்பிப் படியுங்கள், நிர்வாகப் பகுதியை உங்கள் கணினியோடு ஒப்பிட்டுப் படியுங்கள்.

ஆங்கிலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பலர் நின்றுபோவது லினக்ஸ் கடினம் என்பதால் அல்ல, சொற்கள் குழப்புவதால்தான். மவுன்ட் என்றால் அகராதி ஏறுவது என்கிறது. லினக்ஸில் அது ஒரு வட்டை அடைவு மரத்தில் ஓரிடத்தில் பொருத்துவது. ஷெல் என்றால் ஓடு; இங்கே நம் கட்டளையை வாங்கி, இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் வேலை வாங்கித் தரும் நிரல். இத்தகைய சொற்களுக்கு ஒரு நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒதுக்குங்கள். சொல்லை எழுதி, எதிரே உங்கள் சொந்தத் தமிழில் விளக்கம் எழுதுங்கள். எனக்கு நாற்பது சொல் சேர்ந்த பிறகு புத்தகத்தின் ஆங்கிலம் தடையாகத் தெரியவில்லை.

6. காகிதமா, மின்னூலா?

முதல் புத்தகம் கணினியில் திறக்கும் மின்னூலாக இருந்தால், ஒரு பக்கம் புத்தகம், மறுபக்கம் டெர்மினல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதிலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். பிடிஎஃப் கோப்பில் நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். இரட்டைக் கோடு ஒரே நீளக் கோடாகச் சேர்ந்திருக்கும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஷெல்லோ ஏற்காது. கையால் தட்டுவதே பாடம். சிறிய திரையுள்ள வாசிப்புக் கருவிகளும் வேண்டாம். நீளமான கட்டளைகள் நடுவில் ஒடிந்து இரண்டு வரியாகிவிடும், எங்கே இடைவெளி இருக்கிறது என்றே தெரியாது.

இரண்டாவது புத்தகம், அதாவது திரும்பத் திரும்பப் புரட்டப் போகும் புத்தகம், எனக்குக் காகிதத்தில்தான் பிடிக்கும். ஓரத்தில் ‘என் கணினியில் இது வேறு’ என்று எழுதி வைக்க முடிகிறது.

பத்து இருபது புத்தகங்களைச் சேர்த்து மலிவாக விற்கும் தொகுப்புகளைப் பார்த்தால் கை பரபரக்கும். நானும் வாங்கினேன். இரண்டைத்தான் திறந்தேன். அந்தத் தொகுப்பின் விலைக்கு, எனக்கு உண்மையில் தேவைப்பட்ட ஒரு புத்தகத்தின் புதிய பதிப்பே கிடைத்திருக்கும்.

7. இரண்டாவது, மூன்றாவது புத்தகம்

கட்டளை வரி கைக்குப் பழகிய பிறகு, ‘இதெல்லாம் உள்ளே எப்படி நடக்கிறது?’ என்ற கேள்வி தானாக எழும். அப்போது பிரையன் வார்டு எழுதிய ‘ஹவ் லினக்ஸ் வொர்க்ஸ்’ எடுங்கள். மூன்றாம் பதிப்பு 2021இல் வந்தது. கணினி எழுவது முதல் வட்டு, நெட்வொர்க், சிஸ்டம்டி, கன்டெய்னர் வரை பேசுகிறது. பழைய புத்தகக் கடையில் கிடைப்பது 2004இல் வந்த முதல் பதிப்பாக இருக்கக்கூடும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சர்வர் வேலைக்குப் போகிறவர்களின் மேசையில் ‘யூனிக்ஸ் அண்ட் லினக்ஸ் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் ஹேண்ட்புக்’ இருக்கும். ஐந்தாம் பதிப்பு 2017. ஆயிரம் பக்கத்துக்கு மேல். இதை அட்டை முதல் அட்டை வரை படிக்க முயல வேண்டாம். வேலையில் ஒரு சிக்கல் வந்ததும் அந்த அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். புதியவர் இதில் தொடங்கினால், நான் என் முதல் புத்தகத்தில் பட்டதைத்தான் படுவார்.

மைக்கேல் கெரிஸ்க் எழுதிய ‘தி லினக்ஸ் ப்ரோகிராமிங் இன்டர்ஃபேஸ்’ 2010இல் வந்த, 1,500 பக்கத்தைத் தாண்டும் பெரிய நூல். சிறந்த புத்தகம் என்று எல்லோரும் சொல்லக் கேட்டு வாங்கிவிடாதீர்கள். அது சி நிரலர்களுக்கானது.

8. தேர்வு எழுதுகிறீர்கள் என்றால்

முதலில் தேர்வு நடத்தும் அமைப்பின் தளத்தில் பாடத்திட்டத்தின் பதிப்பு எண்ணைப் பாருங்கள். அந்த எண் புத்தக அட்டையில் இருக்க வேண்டும். எல்பிஐசி-1 சான்றிதழுக்கு 101, 102 என இரண்டு தேர்வுகள். சில புத்தகங்கள் ஒன்றை மட்டுமே சொல்லும், மற்றதற்குத் தனியாக வாங்க வேண்டிவரும். இந்தத் தேர்வுகளை நடத்தும் லினக்ஸ் ப்ரொஃபஷனல் இன்ஸ்டிடியூட் தன் தளத்தில் பாடங்களை இலவசமாகவே வைத்திருக்கிறது. அதைப் படித்துப் பார்த்துவிட்டுப் புத்தகம் தேவையா என்று முடிவு செய்யுங்கள்.

ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு வேறு மாதிரி. கேள்விக்கு விடை குறிப்பதில்லை. கணினியில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாத் தொகுப்பு எதுவும் இதற்கு உதவாது. பயிற்சிக் கூடங்கள், அதாவது ‘இந்தப் பணியைச் செய்’ என்று சொல்லும் பகுதிகள், ஒவ்வொரு அத்தியாயத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

தேர்வுப் புத்தகத்தை முதல் புத்தகமாக வைத்துக்கொள்ள வேண்டாம். கட்டளையோடு சேர்க்கும் ஆப்ஷன்களை மனப்பாடம் செய்வீர்கள். அது எதற்கு என்று தெரியாது.

9. எவ்வளவு காலம் பிடிக்கும்?

கட்டளை வரிப் புத்தகத்தை நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்து, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துப் படித்தபோது எனக்குப் பதினோரு வாரம் ஆனது. அனுமதிகள், ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஆகிய இரண்டும் தலா ஒரு வாரத்தைத் தின்றன. அங்கே மெதுவாகப் போவது இயல்புதான். விஐ எடிட்டர் அத்தியாயத்தில் பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். மூட வேண்டாம், நானோ எடிட்டரை வைத்துக்கொண்டு மேலே போய்விட்டு, பிறகு திரும்பி வாருங்கள்.

ஒரே நேரத்தில் ஒரு புத்தகம்தான். இரண்டைத் திறந்தால், ஒன்றில் கடினமான இடம் வந்ததும் மற்றதற்குத் தாவுவீர்கள்; இரண்டிலும் முதல் நான்கு அத்தியாயங்கள் மட்டும் தேறும்.

10. தட்டத் தொடங்கும் முன் நான்கு எச்சரிக்கைகள்

கட்டளைக்கு முன்னால் புத்தகத்தில் டாலர் குறி இருக்கும். அதைத் தட்டக் கூடாது. சாதாரணப் பயனராக இருக்கிறீர்கள் என்று காட்டும் அடையாளம் அது. டாலருக்குப் பதில் ஹேஷ் குறி இருந்தால் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக இருந்து செய்ய வேண்டிய வேலை. அந்த ஹேஷையும் சேர்த்துத் தட்டினால் ஷெல் அந்த வரியையே குறிப்பு என்று ஒதுக்கிவிடும்; பிழையும் வராது, வேலையும் நடக்காது. இதில் அரை நாள் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பயிற்சியை மெய்நிகர் கணினியில் செய்யுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கு முன்பும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால், கெட்டுப்போனாலும் ஒரு நிமிடத்தில் பழைய நிலைக்கு வரலாம். ஆர்எம், டிடி, எம்கேஎஃப்எஸ் ஆகிய மூன்றும் வரும் பக்கங்களில் இது கட்டாயம். இவை அழித்ததை மீட்க, குப்பைத் தொட்டி என்று ஒன்று கிடையாது.

புத்தகமும் கணினியும் முரண்பட்டால் கணினியை நம்புங்கள். மேன் என்று தட்டி, பக்கத்தில் கட்டளையின் பெயரைக் கொடுத்தால், உங்கள் கணினியில் இருக்கும் அதே பதிப்புக்கான கையேடு வரும். மேன் பக்கங்கள் எண்ணிட்ட பிரிவுகளாக இருக்கின்றன: 1 பயனர் கட்டளைகள், 5 கோப்பு வடிவங்கள், 8 நிர்வாகக் கட்டளைகள். புத்தகத்தில் ஒரு கட்டளைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 8 என்று இருந்தால் அது பக்க எண் அல்ல, இந்தப் பிரிவு எண். சிடி போன்ற சிலவற்றுக்கு மேன் பக்கம் கிடைக்காமல் போகலாம். அவை பேஷுக்கு உள்ளேயே இருப்பவை, ஹெல்ப் என்று தட்டிப் பெயரைக் கொடுங்கள்.

ஒரு கட்டளை இல்லை என்று வந்தால் உடனே இயங்குதளத்தை அழித்து நிறுவாதீர்கள். எழுத்துப் பிழையா என்று பாருங்கள். இல்லையென்றால், அந்தக் கட்டளை எந்தப் பேக்கேஜில் வருகிறது என்று தேடுங்கள். அதுவும் கிடைக்கவில்லையென்றால் புத்தகத்தின் ஆண்டைப் பார்த்து, அந்தக் கட்டளைக்குப் பதிலாக இப்போது எது வந்திருக்கிறது என்று தேடி, விடையைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.